டாக்கியான் குழியின் ஆழத்தைக் கணக்கிடுவது எப்படி: லெவல் டிரங்கேஷன்

இழைக் கோட்பாட்டின் எளிய வடிவமான போசானிக் கோட்பாட்டில், இரு முனைகள் உள்ள திறந்த இழையில் நிறையின் வர்க்கம் எதிர்மறையாக உள்ள ஒரு புலம் உண்டு: டாக்கியான். அதை ஒளியை முந்தும் துகளாக எண்ண வேண்டாம். நாம் பொடென்ஷியலின் (நிலை ஆற்றல் வளைவின்) உச்சியில் நின்று கணக்குப் போடுகிறோம் என்பதற்கான அடையாளம் அது. பக்கத்துக் குழியின் ஆழம் டி25 பிரேனின் (திறந்த இழையின் முனைகள் ஒட்டியிருக்கும், 25 இடப் பரிமாணங்கள் கொண்ட பொருள்) இழுவிசைக்குச் சரியாகச் சமம் என்று அலகாபாத்திலிருந்து அசோக் சென் 1999-இல் முன்வைத்தார். இழுவிசையை அலகாகக் கொண்டால் விடை −1 வர வேண்டும். இழையின் எண்ணற்ற புலங்களில் ஒரு குறிப்பிட்ட லெவல் (அதிர்வுப் படி) வரை உள்ளவற்றை மட்டும் வைத்து அந்த விடையை நெருங்குவதே லெவல் டிரங்கேஷன்.

கணினியைத் தொடுமுன் லெவல் 0-ஐக் கையால் போடுங்கள். எட்வர்ட் விட்டனின் 1986-ஆம் ஆண்டு இழைப் புலக் கோட்பாட்டில், டாக்கியான் ட மட்டும் இருந்தால், இழுவிசை அலகில் பொடென்ஷியல் ஆ:

ஆ = 2பை² (−ட²/2 + க³ட³/3), க = 3√3/4

வகைக்கெழு பூஜ்யமாகும் இடம் ட = 1/க³ ≈ 0.456. அங்கே இருபடி உறுப்பு −2.0538, முப்படி உறுப்பு +1.3692, கூட்டினால் −0.6846. ஒரே ஒரு புலம் 68 சதவீதத்தைத் தந்துவிடுகிறது, அழகான விஷயம் இது! −3:2 என்ற அந்த விகிதம் எந்த லெவலிலும் மாறாது. நியூட்டன் முறை சரியாகக் குவிந்ததா என்று பார்க்க அது போதும். ஆனால் குணகங்கள் தப்பாக இருந்தாலும் விகிதம் சரியாகவே வரும் என்பதை மறக்காதீர்கள்.

லெவல் 2-க்குப் போகுமுன், ஒரே தீர்வின் மாற்று வடிவங்களை நீக்கும் நிபந்தனையான சீகல் கேஜை (பி₀ = 0) விதியுங்கள். விதிக்காவிட்டால் கேஜ் திசைகளில் ஜேக்கோபியன் (வகைக்கெழுக்களின் அணிக்கோவை) கிட்டத்தட்டப் பூஜ்யமாகி, நியூட்டன் முறை அலையும். முறுக்குச் சமச்சீர் (இழையின் இரு முனைகளையும் இடம் மாற்றுவது) ஒற்றைப்படை லெவல்களை நீக்கிவிடும். பொருள் பக்கத்தில் (இழையின் வெளி-கால அதிர்வுகளில்) விரசோரோ இயக்கிகளை மட்டும் வைத்தால் மிஞ்சுவது மூன்றே மாறிகள். முப்படிக் குணகங்களை, மூன்று இழைகள் சேரும் வெர்டெக்ஸின் காப்பு விதிகளிலிருந்து எடுங்கள். கோஸ்ட் (கேஜ் உபரியை ஈடுகட்டும் துணைப் புல) இயக்கிகளை இடம் மாற்றும்போது குறி தவறுவதுதான் பெரும்பாலான பிழைகளுக்கு மூலம். எல்லா முப்படி உறுப்புகளையும் உட்படுத்திக் கணக்கிட்டால் குழியின் ஆழம் −0.9594 வர வேண்டும். வராவிட்டால் மேலே போகாதீர்கள்.

ஒவ்வொரு லெவலிலும் முந்தைய தீர்விலிருந்தே தொடங்கி, புதிய மாறிகளைப் பூஜ்யமாக வையுங்கள். பூஜ்யத்தின் அருகில் தொடங்கினால் பழைய உச்சிக்கே திரும்பிவிடுவீர்கள். லெவல் 4-இல் −0.9878, லெவல் 10-இல் −0.9992.

லெவல் 14-இல் மதிப்பு −1-ஐத் தாண்டிக் கீழே இறங்கும். நிரலைக் கலைக்க வேண்டாம். இயற்பியலாளர்கள் கையோட்டோவும் ரஸ்டெல்லியும் லெவல் 18 வரை கணக்கிட்டு, ஏறத்தாழ 28-இல் அது திரும்பி −1-ஐ நோக்கி ஏறும் என்று கணித்தார்கள். இயற்பியலாளர் ஷ்னாபலின் 2005-ஆம் ஆண்டுப் பகுப்பாய்வுத் தீர்வு துல்லியமாக −1 தருகிறது. உங்கள் எண்களை 1/(லெவல்+1)-இன் பல்லுறுப்புக் கோவையில் பொருத்தி எல்லையைப் பாருங்கள். முப்படி உறுப்புகளை லெவலின் இருமடங்கில் வெட்டிய எண்களையும் மும்மடங்கில் வெட்டியவற்றையும் ஒரே பொருத்தத்தில் கலக்காதீர்கள்.