காவற்கொட்டிலில் இருந்து மாற்று ரொக் கேட்கும் முறை

மாற்று ரொக் (ஆல்டர்நேட்டிவ் ரொக்) என்பது வெகுசன ரொக்கின் போக்கிலிருந்து விலகி வளர்ந்த கிற்றார் இசை. அதைப் பேருந்தில் கேட்டுப் பழகத் தொடங்காதீர்கள். வவுனியாவிலிருந்து ஏ-9 வீதியால் கிளிநொச்சிக்கு வரும் பேருந்துகளின் ஒலிபெருக்கியோடு போட்டியிட்டு எந்த இயர்போனும் வென்றதில்லை என்பது ஒரு காரணம். இவ்விசையின் உயிர் பெரும்பாலும் அதன் மெல்லிய பகுதிகளிலேயே இருப்பதும், இரைச்சல் அவற்றைத்தான் முதலில் விழுங்கிவிடுவதும் அதனிலும் பெரிய காரணம். நெல் கதிராகும் காலத்தில் வயற்காவலுக்குப் போய்க் கொட்டிலில் தனித்திருக்கும் இரவே இதற்கு உகந்தது.

காவலிருப்பவர் இரண்டு காதையும் அடைத்துக்கொள்ளக் கூடாது. யானை தாளம் போட்டுக்கொண்டு வருவதில்லை. ஆனால் இவ்வகை அல்பங்களில் ஒரு கிற்றாரை இடப்பக்கமும் மற்றதை வலப்பக்கமுமாகப் பிரித்து வைப்பது வழக்கமாதலால், ஒற்றைக் காதில் மாட்டினால் பாட்டின் ஒரு பாதி காணாமற் போய்விடும். கைத்தொலைபேசியின் அமைப்புகளில், அணுகல்தன்மை என்னும் பகுதிக்குள், 'மோனோ' ஒலிக்கான தெரிவு உண்டு. அதை இயக்கினால் இருபக்க ஒலியும் ஒரே காதுக்கு வந்துசேரும். இதை அறியாமல், ரேடியோஹெட் குழுவின் 1997ஆம் ஆண்டு அல்பத்தை ஒரு காலபோக நெற்பருவம் முழுவதும் நான் அரைகுறையாகவே கேட்டிருக்கிறேன்.

ஆங்கிலம் விளங்காதே என்று தயங்குபவர்கள் ஆர்.இ.எம். குழுவிலிருந்து தொடங்கலாம். அமெரிக்காவின் ஜோர்ஜியா மாநிலத்து ஏதென்ஸ் நகரத்தவர்களான இவர்களுடைய 1983ஆம் ஆண்டின் முதல் முழு அல்பத்தில், பாடகர் சொற்களை மென்று விழுங்குவதால் ஆங்கிலேயருக்கே பாதி விளங்காது. அடுத்து பிக்ஸிஸ் குழுவின் 1988ஆம் ஆண்டு அல்பத்தையும், அதன்பின் நிர்வானாவின் 1991ஆம் ஆண்டு அல்பத்தையும் கேளுங்கள். தணிந்து பாடி, திடீரெனப் பொங்கி, மீண்டும் தணியும் முறையை பிக்ஸிஸிடமிருந்தே எடுத்ததாக நிர்வானாவின் கேர்ட் கோபேன் தாமே ஒப்புக்கொண்டவர் என்பதால், இந்த வரிசையை மாற்ற வேண்டாம்.

ஒரே பாட்டை மூன்று தடவை கேட்க வேண்டும். முதற்றடவை ட்ரம்ஸை மட்டும் பின்தொடருங்கள். கூத்தில் மத்தளத்தைக் கேட்டு வளர்ந்த காதுக்கு இது கடினமன்று. இரண்டாந்தடவை, தாழ்ந்த சுரங்களை வாசிக்கும் பேஸ் கிற்றாரைத் தேடுங்கள். மலிவான இயர்போனில் அது கேட்காவிடில், இயர்போனைச் சற்று உள்ளே அழுத்திப் பாருங்கள். கிற்றாரின் கரகரப்பை மூன்றாந்தடவைக்கு விட்டுவையுங்கள். கோவில் திருவிழாவில் பனைமரத்தில் கட்டிய குழாய் ஒலிபெருக்கி, அளவுக்கு மீறிக் கூட்டியதும் குரலைக் கிழிக்குமல்லவா? பெருக்கியின் கொள்ளளவைத் தாண்டும்போது ஒலியலையின் உச்சிகள் வெட்டுப்படுவதே இரண்டிலும் நடக்கிறது. அங்கே அது பழுது. இங்கே கலைஞர் அதைத் தெரிந்தே செய்கிறார்.

இனி நம் பக்கத்துக் குழுக்கள். மலையாளத்தில் பாடும் அவியல் குழுவின் 2008ஆம் ஆண்டு அல்பத்தையே முதலில் பரிந்துரைப்பேன். சொல்லின் அசையே அங்கு கிற்றாரை நடத்திச் செல்கிறது. சென்னையின் குரங்கன், ஊர்கா ஆகிய குழுக்கள் தமிழைப் பேச்சின் ஓட்டத்திலேயே விட்டுப் பாடுகின்றன. 2018இல் மேடையேறிய தி காஸ்ட்லெஸ் கலெக்டிவ் குழுவை மாற்று ரொக் என்று வகைப்படுத்த எனக்கு மனமில்லை. ஆயினும் பறையையும் சென்னைத் தெருப்பாட்டான கானாவையும் முன்னே நிறுத்தி, கிற்றாரை அவற்றுக்குப் பின்னே நடக்கவைத்த துணிச்சலுக்காக அவர்களைக் கேட்டே ஆகவேண்டும். இதற்கு மாறாக, ஆங்கிலப் பாட்டொன்றின் நடுவே எட்டு நொடி மிருதங்கத்தைச் செருகிவிட்டு மண்வாசனை பேசும் குழுக்களில் எனக்குப் பொறுமை இல்லை. சோதிப்பது எளிது: கிற்றாரை நீக்கியதாக எண்ணிக்கொண்டு, பாட்டை வாயால் முணுமுணுத்து, தொடையில் தட்டிப் பாருங்கள். அது அந்த ஊர்ப் பாட்டாகவே நின்றால் வைத்துக்கொள்ளுங்கள்.

அடுத்த திருவிழாவில் இசைக்குழு சினிமாப் பாடல்களை வாசிக்கும்போது, ஒக்டபாட் என்னும் மின்னணுத் தாளக்கருவிக்குப் பின்னால் மறைந்து நிற்கும் கிற்றார்க்காரருக்கு அருகில் போய் நின்று, இடைவேளையில் அவர் வீட்டில் எதை வாசிக்கிறார் என்று விசாரியுங்கள். நான் அவ்வாறு கேட்டபோது, முல்லைத்தீவுப் பக்கத்துத் தம்பி ஒருவர், கோவலன் கூத்தின் மெட்டொன்றைக் கரகரப்போடு வாசித்துத் தம் கைத்தொலைபேசியில் பதிந்து வைத்திருந்ததைக் காட்டினார். பதிவு மோசம், பின்னணியில் நாய் குரைக்கிறது, ஆனால் அதை மூன்று தடவை கேட்டேன்.