திகிரியைக் குறுக்கெழுத்தில் வைப்பது எப்படி?

குயவர் மண்ணை வைத்துச் சுழற்றும் சக்கரத்துக்குத் திகிரி என்றும் பெயர். இன்று பேச்சில் சக்கரம்தான். ஆனால் புறநானூறு 228-ஆம் பாட்டில், சோழன் கிள்ளிவளவன் இறந்தபோது புலவர் ஐயூர் முடவனார் ஒரு குயவரைப் பார்த்துக் கேட்கிறார்: இவ்வளவு பெரியவனை அடக்கம் செய்யத் தாழி வனைய, நிலத்தையே திகிரியாகவும் மலையையே மண்ணாகவும் கொள்ள உன்னால் முடியுமா என்று. அதைப் படித்த நாளிலிருந்து இந்தச் சொல்லை ஒரு புதிரிலாவது வைத்துவிட வேண்டும் என்று எனக்கு ஆசை.

நான் எழுதுவது ஒளிவுமறைவான குறிப்பு: விடையின் நேரடிப் பொருளும் அதன் எழுத்துகளைக் கோக்கும் சொல்விளையாட்டும் ஒரே வரியில் சேர்ந்திருக்கும். முதலில் சொல்லைப் பிரித்துப் பாருங்கள். தி, கி, ரி. நடு எழுத்தை எடுத்தால் 'திரி' மிஞ்சுகிறது. சுழல்வதும் திரிதல்தான், விளக்கில் எரிவதும் திரிதான். இதைவிட நல்ல பிளவு கிடைக்காது.

அடுத்து, நடுவே வரும் 'கி'. கிளியின் தலை, அதாவது முதல் எழுத்து, போதும். இரண்டையும் சேர்த்து நான் எழுதிய குறிப்பு:

விளக்கில் எரிவதற்குள் கிளி தலையிடக் குயவர் சுழற்றுவது (3)

'எரிவதற்குள்' என்பதை 'எரியும் முன்பு' என்றுதான் முதலில் படிப்போம். உண்மையிலோ எரிவதன் உள்ளே, திரிக்குள்ளே, 'கி' நுழைகிறது. நேரடிப் பொருள் குறிப்பின் தொடக்கத்திலோ முடிவிலோ நிற்க வேண்டும், நடுவில் புதைக்கக் கூடாது. இங்கே 'குயவர் சுழற்றுவது' கடைசியில் நிற்கிறது.

இனி எழுத்து எண்ணிக்கை. நான் மாட்டிக்கொண்டது இங்கேதான். கணினியில் விரிதாளில் கட்டம் போட்டு, நீளம் காட்டும் சூத்திரத்தைக் கொடுத்தேன். திகிரிக்கு 6 என்று வந்தது. அப்படியே (6) என்று போட்டு அக்காவுக்கு அனுப்பினேன். "ஆறெழுத்தில் குயவர் எதைடா சுழற்றுவார்?" என்று மறுநாள் போன் வந்தது. கணினி த, அதன் கொக்கி, க, அதன் கொக்கி, ர, அதன் கொக்கி என்று உயிர்மெய்யின் உடலையும் குறியையும் தனித்தனியாக எண்ணுகிறது. நமக்குத் 'தி' ஓரெழுத்து, ஒரு கட்டம். புள்ளி வைத்த மெய்க்கும் தனிக் கட்டம் உண்டு: சக்கரம் என்றால் ச, க், க, ர, ம், ஐந்து. (3) என்று சரியாகப் போட்டால் சக்கரம் என்று எழுதப் போகிறவரும் நின்றுவிடுவார். அதனால் விரலால் எண்ணுங்கள். எனக்குக் கட்டம் போட்ட கணக்கு நோட்டும் பென்சிலும்தான் சரிப்படுகிறது. கட்டம் முழுவதும் முடிந்த பிறகே கணினி.

குறுக்கே கோப்பது எளிது. தி-யில் திண்ணை, கி-யில் கிணறு, ரி-யில் முடியும் காவிரி.

பின்சேர்க்கை: படித்தவர்களில் ஒருவர் 'சூளை'க்கும் குறிப்பு கேட்டார். "பானை சுடுமிடம், சென்னையிலும் ஓர் இடம் (2)" என்று எழுதினேன். ஆனால் அவர் கட்டத்தில் அதற்குக் குறுக்கே 'மாலை' போயிருந்தது. அப்போது விடை சூலை ஆகிவிடும், அது அப்பரை வாட்டிய வயிற்று நோய். மாலையை எடுத்துவிட்டுக் காளையோ நாளையோ போடச் சொன்னேன். ல, ள இருக்கும் சொல் என்றால் குறுக்குச் சொல்லை முதலில் முடிவு செய்துவிட்டு அப்புறம் குறிப்பெழுத உட்காருங்கள்.