வெடித்தது வெண்குறுமீன்தானா: வகை 1ஏ சூப்பர்நோவாவை உறுதிசெய்யும் முறை

வானில் புதிதாகத் தோன்றிய ஓர் ஒளிப்புள்ளி, வெண்குறுமீன் (எரிபொருள் தீர்ந்து சுருங்கிய விண்மீனின் எச்சம்) ஒன்று அணுக்கரு இணைவால் முழுவதுமாகச் சிதறியதன் விளைவா (இதுவே வகை 1ஏ), அல்லது பெரிய விண்மீனின் உட்கரு சரிந்ததன் விளைவா என்பதை முதலில் நிறமாலையிடமே, அதாவது அலைநீள வாரியாகப் பிரித்த ஒளியிடமே, கேட்க வேண்டும். பயிற்சிக்கு எஸ்என் 2011எஃப்இ என்ற சூப்பர்நோவா மிகப் பொருத்தமானது. 2011 ஆகஸ்ட் 24 அன்று எம்101 விண்மீன் மண்டலத்தில், ஏறத்தாழ 2.1 கோடி ஒளியாண்டுத் தொலைவில் கண்டுபிடிக்கப்பட்ட இதன் நிறமாலைகள் வைஸ்ரெப் என்ற பொதுத் தொகுப்பில் கிடைக்கின்றன.

உச்ச ஒளிர்வுக்கு ஒரு வாரம் முன்பின்னாக எடுக்கப்பட்ட நிறமாலையைத் தேர்ந்தெடுங்கள். சில வாரங்கள் கடந்துவிட்டால் இரும்பின் கோடுகள் மற்றவற்றை மூடிவிடும். வேறு எதையும் அளப்பதற்கு முன்பு, வெடிப்பு நிகழ்ந்த விண்மீன் மண்டலத்தின் செம்பெயர்ச்சியை (அதன் ஒளியின் அலைநீளம் நீண்டிருக்கும் விகிதத்தை) அறிந்து, அதனுடன் ஒன்றைக் கூட்டி வரும் எண்ணால் எல்லா அலைநீளங்களையும் வகுத்துவிட வேண்டும்.

அடுத்து, ஹைட்ரஜனின் 656.3 நானோமீட்டர் கோடு இல்லை என்பதை உறுதிசெய்துகொண்டு, 615 நானோமீட்டரை ஒட்டிய ஆழமான பள்ளத்தைத் தேடுங்கள். அது 635.5 நானோமீட்டரில் இருக்க வேண்டிய சிலிக்கான் கோடு. வெடித்த பொருள் நம்மை நோக்கி விரைவதால் நீலப்பக்கம் நகர்ந்திருக்கிறது. பள்ளத்தின் அடிப்பகுதி 613.0இல் இருந்தால், 22.5 நானோமீட்டர் நகர்வை 635.5ஆல் வகுத்து ஒளியின் வேகத்தால் பெருக்க, நொடிக்கு ஏறத்தாழ 10,600 கிலோமீட்டர் கிடைக்கும்.

இங்கே அவசரப்படக் கூடாது. ஹைட்ரஜன் உறையைப் பெரும்பாலும் இழந்த பெரிய விண்மீனின் உட்கரு சரியும் வகை 1பி வெடிப்புகளில் எஞ்சியிருக்கும் அதிவேக ஹைட்ரஜனும் இதே இடத்துக்கு அருகில் பள்ளம் உண்டாக்கக்கூடும். ஆகவே 540 நானோமீட்டரை ஒட்டி கந்தகத்தின் இரட்டைப் பள்ளம் தெரிகிறதா, ஹீலியத்தின் 587.6 நானோமீட்டர் கோடு வலுவாக இல்லையா என்று பார்த்த பின்பே முடிவெடுங்கள். எஸ்என் 2002ஐசி போல, சுற்றியிருந்த வாயுவால் ஹைட்ரஜன் கோடு காட்டிய வகை 1ஏ வெடிப்புகளும் அரிதாக உண்டு.

பிறகு, நாட்கள் செல்லச் செல்லப் பொலிவு மாறுவதைக் காட்டும் ஒளி வளைவுக்கு வரலாம். நீல வடிகட்டியில் உச்சத்துக்குப் பின் 15 நாளில் பொலிவெண் (மங்க மங்கக் கூடும் எண்) எவ்வளவு மாறுகிறது என்று அளவிடுங்கள்; எஸ்என் 2011எஃப்இ-க்கு இது ஏறத்தாழ 1.1. மெதுவாக மங்குபவை உள்ளபடியே அதிகம் ஒளிர்பவை என்று வானியலாளர் மார்க் பிலிப்ஸ் 1993இல் காட்டிய தொடர்பே தொலைவுக் கணக்கின் அடிப்படை. இயல்பான வெடிப்பின் தனிப் பொலிவெண் (தொலைவின் விளைவை நீக்கி, ஒரே நிலையான தொலைவில் வைத்துக் கணக்கிட்ட பொலிவெண்) உச்சத்தில் ஏறத்தாழ -19.3, இடையிலுள்ள தூசி மறைத்த ஒளியைத் திருத்திய பிறகே ஒப்பிட வேண்டும். இவ்வொளிக்கு ஆற்றல் தருவது நிக்கல்-56, அது சிதைந்து உண்டாகும் கோபால்ட்-56 ஆகியவற்றின் கதிரியக்கம். இவற்றின் அரைவாழ்வு முறையே 6.1, 77 நாட்கள். வளைவின் பிற்பகுதி கோபால்ட்டின் சிதைவை விடச் சற்று வேகமாக இறங்குவதைக் கண்டு குழம்ப வேண்டாம்: காமா கதிர்களில் ஒரு பகுதி வெளியே தப்பிவிடுகிறது.

குறிப்பேட்டில் வகை, உச்சத்திலிருந்து கழிந்த நாட்கள், சிலிக்கான் வேகம், மங்கும் அளவு ஆகியவற்றை எழுதுங்கள். வெண்குறுமீன் தாங்கக்கூடிய உச்ச நிறையாகிய சந்திரசேகர் வரம்பான 1.4 சூரிய நிறையை எட்டித்தான் வெடித்தது என்று மட்டும் இவற்றைக் கொண்டு எழுதிவிடாதீர்கள். இரு வெண்குறுமீன்களின் மோதலோ, மேற்பரப்பு ஹீலியத்தின் வெடிப்போ அவ்வரம்புக்குக் கீழேயே அதைச் சிதறடிக்கலாம். எஸ்என் 2011எஃப்இ-யில் வெண்குறுமீனின் துணை விண்மீன் ஒளிமிக்க செம்பேருருவாக (உப்பிச் சிவந்த பெரிய விண்மீனாக) இருந்திருக்க முடியாது என்று சொல்ல, வெடிப்புக்கு முன்பே ஹபிள் எடுத்திருந்த படங்கள் தேவைப்பட்டன.