அந்நியப் படை நீடிக்கலாமா: விவாதத்துக்குத் தயாராகும் முறை

“வெளிநாட்டுப் படை இருக்க வேண்டுமா, வெளியேற வேண்டுமா?” என்று மொட்டையாகத் தலைப்பு வைத்தால், ஓர் அணி பொறுப்பைப் பற்றிப் பேசும், மற்றது உயிரிழப்பைப் பற்றிப் பேசும். இரண்டும் எங்கேயும் மோதிக்கொள்ளாது. தலைப்பிலேயே நான்கு விவரங்கள் இருக்க வேண்டும்: எந்தப் போர், எந்தத் தேதியில் நின்று பேசுகிறோம், எத்தனை வீரர்கள், அவர்களுக்கு என்ன வேலை. “2021 ஏப்ரல் நிலவரப்படி, ஆப்கானிஸ்தானில் உள்ள சுமார் 2,500 அமெரிக்க வீரர்கள் பயிற்சிக்காகவும் வான்வழி ஆதரவுக்காகவும் தொடர்ந்து இருக்க வேண்டும்” என்பது விவாதிக்கத் தக்க தலைப்பு. அதே நாடுதான், ஆனால் 2009 டிசம்பரில் நின்றால் கேள்வியே வேறு. கூடுதலாக 30,000 பேரை அனுப்புவதாக ஒபாமா அறிவித்த மாதம் அது.

தேதியைக் குறிப்பிட்டுவிட்டால் அதற்குப் பின் நடந்த எதையும் சான்றாகக் காட்டக் கூடாது என்ற விதி தானாக வந்துவிடும். இந்த விதி இல்லாத மேடையில் 2021 ஆகஸ்ட் 15 அன்று காபூல் வீழ்ந்ததைச் சொல்லிவிட்டு ஓர் அணி உட்கார்ந்துவிடும். அந்த வீழ்ச்சி “படையை எடுத்ததால் வந்தது” என்பார் ஒருவர், “இருபது ஆண்டு இருந்தும் வந்தது” என்பார் இன்னொருவர். நடுவரால் எதையும் பிரித்துப் பார்க்க முடியாது.

ஒரே தகவல் தாள்

இரு அணிகளும் சேர்ந்து ஒரு பக்கத் தகவல் தாளைத் தயாரித்து, இருவரும் ஒப்புக்கொண்ட பிறகே தனித்தனியாகப் பிரிய வேண்டும். இல்லாவிட்டால் பேச்சு நேரத்தில் பாதி எண்ணிக்கைச் சண்டையில் போய்விடும். அதில் வேண்டியவை: ஆண்டுவாரியாக வெளிநாட்டு வீரர்கள், உள்நாட்டுப் படையின் அளவும் இழப்பும், அந்தப் படைக்குச் சம்பளம் கொடுப்பது யார், படை அங்கே இருப்பதற்கான சட்ட அடிப்படை, கிளர்ச்சியாளர்களுக்கு எல்லைக்கு அப்பால் புகலிடம் உண்டா என்பது.

எண்களில் இரண்டு பொறிகள் உண்டு. முதலாவது, கிளர்ச்சியை அடக்க ஆயிரம் மக்களுக்கு 20 பாதுகாப்புப் படையினர் வேண்டும் என்ற விகிதம். 2006இல் வந்த அமெரிக்க ராணுவக் கையேடு இதைச் சொல்கிறது. மூன்று கோடி மக்கள் கொண்ட நாட்டுக்கு அந்தக் கணக்கில் 6 லட்சம் பேர் வேண்டும். உடனே “இத்தனை அந்நிய வீரர்களை எங்கிருந்து கொண்டுவருவது?” என்று கேட்பது தவறு, ஏனென்றால் உள்நாட்டு ராணுவமும் காவல்துறையும் அதில் சேர்ந்தவை.

இரண்டாவது பொறி இன்னும் நுட்பமானது. 2020 பிப்ரவரிக்குப் பிறகு ஓராண்டுக்கும் மேலாக ஆப்கானிஸ்தானில் ஓர் அமெரிக்க வீரர்கூடச் சண்டையில் சாகவில்லை. “இவ்வளவு மலிவான செலவில் நீடிக்கலாமே?” என்று நீடிப்பு அணி இதைக் காட்டும். ஆனால் அந்த அமைதி 2020 பிப்ரவரி 29 தோஹா உடன்பாட்டோடு சேர்ந்து வந்தது. 2021 மே 1க்குள் வெளியேறுவோம் என்று அதில் அமெரிக்கா வாக்களித்ததற்குத்தான் தாலிபான் அமெரிக்கர்களைத் தாக்காமல் இருந்தது. வெளியேறும் வாக்குறுதியால் கிடைத்த எண்ணிக்கையை, வெளியேறாத எதிர்காலத்துக்கு நீட்டிக் கணக்குப் போட முடியாது. உள்நாட்டுப் படை கொடுத்த விலையும் தாளில் இருக்கட்டும். தான் பதவிக்கு வந்த 2014 முதல் 45,000க்கும் மேற்பட்ட பாதுகாப்புப் படையினர் இறந்ததாக ஆப்கான் அதிபர் அஷ்ரப் கனி 2019 ஜனவரியில் சொன்னார்.

விவாதத்தின் மையம்: படை போன பின் எது தொடரும்?

பெரும்பாலான அணிகள் கோட்டைவிடும் இடம் இதுதான். படை விலகல் என்பது ஒரே செயல் அல்ல. வீரர்கள் போகலாம், பணம் தொடரலாம். பணம் தொடரலாம், உதிரி பாகம் நின்றுபோகலாம். விலகல் அணி இதை முதல் பேச்சிலேயே வரையறுக்காவிட்டால், எதிரணி “எல்லாவற்றையும் ஒரே நாளில் விட்டுவிட்டு ஓடுகிறார்கள்” என்று தனக்கு வசதியான வடிவத்தைக் கொடுத்துவிடும்.

மூன்று முன்னுதாரணங்களை அருகருகே வையுங்கள். சோவியத் படை 1988 ஜெனீவா உடன்படிக்கையின்படி அட்டவணை போட்டு 1989 பிப்ரவரி 15 அன்று ஆப்கானிஸ்தானிலிருந்து வெளியேறியது. ஆயுதமும் பணமும் தொடர்ந்தன. சோவியத் ஆதரவில் இருந்த அதிபர் நஜிபுல்லாவின் அரசு மூன்றாண்டு தாக்குப்பிடித்தது. சோவியத் ஒன்றியம் மறைந்து உதவி நின்ற சில மாதங்களில், 1992 ஏப்ரலில், வீழ்ந்தது. தென் வியட்நாமில் 1973 பாரிஸ் உடன்பாட்டுக்குப் பின் அமெரிக்கப் படை போனது, 1974இல் அமெரிக்க காங்கிரஸ் உதவியைக் குறைத்தது, 1975 ஏப்ரல் 30இல் தலைநகர் சைகோன் விழுந்தது. 2021இல் காபூலில் பணம் நிற்கவில்லை. ஆனால் ஆப்கான் விமானப்படையைப் பராமரித்த ஒப்பந்த நிறுவன ஊழியர்களும் படையோடு கிளம்பினார்கள். கடைசி அமெரிக்க விமானம் ஆகஸ்ட் 30 அன்று புறப்படும் முன்பே அரசு போய்விட்டது.

இந்த வரிசை விலகல் அணிக்குச் சாதகமாகத் தெரியும். நீடிப்பு அணி தயாராக வைத்திருக்க வேண்டிய மறுமொழி: நஜிபுல்லாவின் எதிரிகள் தங்களுக்குள் பிளவுபட்டிருந்தார்கள், தாலிபான் அப்படி இல்லை. இதற்கு விலகல் அணி என்ன சொல்கிறது என்பதில்தான் நல்ல விவாதம் தொடங்குகிறது.

அடிக்கடி பிசகும் வாதங்கள்

“இத்தனை பேர் செத்தது வீணாகிவிடும்.” செலவானது திரும்பி வராது, இனி வைக்கும் படை இனி என்ன சாதிக்கும் என்பதே கேள்வி. இந்த வாதம் அவையில் கைதட்டல் வாங்கித் தரும், நடுவரிடம் மதிப்பெண் வாங்கித் தராது.

“தென் கொரியாவில் இத்தனை ஆண்டு இருக்கவில்லையா?” அங்கே கிளர்ச்சி இல்லை. போர்நிறுத்தக் கோட்டைக் காப்பதும், ஊருக்குள் யார் வரி வசூலிக்கிறார்கள் என்று தெரியாத நாட்டில் ரோந்து போவதும் வேறு வேறு வேலைகள்.

“தேதி சொன்னால் எதிரி காத்திருப்பான்.” இதில் உண்மை உண்டு. ஒபாமா 30,000 பேரை அறிவித்த அதே உரையில், 2011 ஜூலையில் திரும்பத் தொடங்குவோம் என்றும் சொன்னார். ஆனால் தேதியே இல்லாவிட்டால் உள்ளூர் அரசு சீர்திருத்தத்தைத் தள்ளிப்போடும் என்ற பதிலும் வலுவானது. இரண்டையும் எடைபோடாமல் ஒன்றை மட்டும் சொல்வது அரைகுறை.

“பெண்களின் உரிமை.” எந்தப் பெண்கள், எங்கே என்று கேளுங்கள். காபூலில் பள்ளிக்கூடம் திறந்தது உண்மை. தெற்கு மாகாணமான ஹெல்மண்டின் கிராமங்களில் வான்தாக்குதலும் இரவுச் சோதனையும் நடந்ததும் உண்மை. இரண்டு அணியுமே தங்களுக்கு வசதியான ஊரை மட்டும் பேசும்.

எல்லாவற்றையும்விட அதிகம் மறக்கப்படுவது, நீடிப்பதை அனுப்பிய நாடு மட்டும் தீர்மானிப்பதில்லை என்பது. 2011இல் ஈராக்கில் அமெரிக்க வீரர்களுக்குச் சட்டப் பாதுகாப்புத் தரும் உடன்பாடு கைகூடவில்லை. அந்த டிசம்பரில் படை வெளியேறியது. இலங்கையில் 1987 ஒப்பந்தப்படி வந்த இந்திய அமைதிப் படையை 1989 ஜூலை இறுதிக்குள் போகச் சொன்னவர் அதிபர் பிரேமதாசாவே. கடைசிப் பிரிவு 1990 மார்ச்சில்தான் கப்பலேறியது. உள்நாட்டு அரசின் சம்மதம் என்ன ஆகும் என்று நீடிப்பு அணி சொல்லியே ஆக வேண்டும்.

மேடையில்

அணிக்கு மூன்று பேர், ஆளுக்கு 7 நிமிடம் போதும். முதல் பேச்சாளர் வரையறைக்கு ஒன்றரை நிமிடத்துக்கு மேல் எடுத்தால் வாதம் பட்டினி கிடக்கும். இரண்டாமவர் நேரத்தில் பாதியை மறுப்புக்கு ஒதுக்கட்டும். மூன்றாமவர் புதிய வாதம் எதையும் கொண்டுவரக் கூடாது. எதிரணியின் மிக வலுவான ஒரே கருத்தை எடுத்து, அதைத் தோற்கடித்தோமா என்று காட்ட வேண்டும். குறுக்குக் கேள்வியை முதல் நிமிடத்திலும் கடைசி நிமிடத்திலும் அனுமதிக்காதீர்கள்.

அவையில் அந்தப் போரால் வீடிழந்தவர்கள் இருக்கலாம். இறந்தவர் எண்ணிக்கையைக் கிண்டலோடு வீசும் பேச்சாளரை நடுவர் அங்கேயே நிறுத்த வேண்டும், முடிந்த பிறகு அல்ல. வாக்கெடுப்பு நடத்துவதானால் தொடக்கத்திலும் முடிவிலும் இரண்டு முறை எடுத்து மாற்றத்தைக் கணக்கிடுங்கள். ஒரே முறை எடுத்தால், ஏற்கெனவே கூட்டத்தில் எந்தக் கருத்து பெரும்பான்மையோ அதுதான் ஜெயிக்கும்.