புள்ளடி இடுவதற்கு முன்: மட்டக்களப்பு, அம்பாறை வாக்காளர்களுக்கு

படுவான்கரையிலும் பொத்துவிலிலும் வெயில், மாரி மழை பாராமல் வந்து வரிசையில் நின்றவர்களின் வாக்கு, சீட்டில் நேர்ந்த சிறு பிழையால் நிராகரிக்கப்படுவது எனக்குப் பெரும் வேதனையைத் தருகிறது. ஆகவே, பாராளுமன்றத் தேர்தலன்று வாக்களிப்பு நிலையத்தில் நடப்பவற்றை, குறிப்பாகச் சீட்டை நிரப்பும் முறையை, இங்கே எழுதுகிறேன்.

தபாலில் வரும் உத்தியோகபூர்வ வாக்காளர் அட்டையில் உங்கள் வாக்களிப்பு நிலையமும் வாக்காளர் இடாப்பில் உங்களுக்குரிய தொடரிலக்கமும் இருக்கும். அது கைக்குக் கிடைக்காவிட்டாலும், இடாப்பில் பெயர் இருந்தால் வாக்களிக்கலாம். ஆனால் தேசிய அடையாள அட்டை, செல்லுபடியான கடவுச்சீட்டு அல்லது சாரதி அனுமதிப்பத்திரம் போன்ற ஆளடையாள ஆவணமொன்று கட்டாயம் வேண்டும். 2024 இல் நடந்த இரு தேர்தல்களிலும் வாக்களிப்பு காலை 7 மணி தொடக்கம் மாலை 4 மணி வரையே நடைபெற்றது என்பதால், தொலைவிலிருந்து வருவோர் முற்பகலிலேயே வந்துவிடுவது நல்லது.

உள்ளே அலுவலர் உங்கள் ஆவணத்தைப் பார்த்து, கட்சி முகவர்களுக்குக் கேட்கும்படி இலக்கத்தையும் பெயரையும் வாசிப்பார். முகத்தை மூடியிருப்பவர்கள் அடையாளம் காண்பதற்காக அதைக் காட்ட வேண்டியிருக்கும். பின்னர் விரலில் மை பூசி, வாக்குச்சீட்டைத் தருவார்கள்.

கவனமெல்லாம் இனித்தான் வேண்டும். சீட்டின் மேற்பகுதியில் கட்சிகள், சுயேச்சைக் குழுக்கள் ஆகியவற்றின் பெயர்களும் சின்னங்களும் இருக்கும். அவற்றுள் ஒன்றுக்கு எதிரே மட்டுமே புள்ளடி (X) இட வேண்டும். இரண்டுக்கு இட்டால் வாக்கு செல்லாது. கீழே வேட்பாளர்களின் விருப்பு இலக்கங்கள் இருக்கும்: 5 பேரைத் தெரிவுசெய்யும் மட்டக்களப்பில் 1 முதல் 8 வரையும், 7 பேரைத் தெரிவுசெய்யும் திகாமடுல்லவில் (அம்பாறையின் தேர்தல் மாவட்டப் பெயர்) 1 முதல் 10 வரையும். நீங்கள் தெரிவுசெய்த அதே கட்சியின் வேட்பாளர்களில் மூவர் வரைக்கும் அவரவர் இலக்கத்தின் மேல் புள்ளடி இடலாம். இலக்கத்துக்கு உரியவர் யார் என்று சீட்டில் பெயர் இராது. வீட்டிலேயே மனத்தில் பதித்துக்கொண்டு வாருங்கள். ஜனாதிபதித் தேர்தலில் 1, 2, 3 என எழுதிய பழக்கத்தை இங்கே கொண்டுவர வேண்டாம். பெயர், கையொப்பம் போன்று உங்களைக் காட்டிக்கொடுக்கும் எதையும் எழுதவும் வேண்டாம். சீட்டைப் படம் எடுக்கவும் கூடாது.

கை தவறிச் சீட்டைப் பழுதாக்கிவிட்டால், வெட்கப்பட்டு அப்படியே பெட்டியில் போட்டுவிடாதீர்கள். தலைமை தாங்கும் அலுவலரிடம் ஒப்படைத்து வேறொரு சீட்டைக் கேட்டுப் பெறலாம். அதில் சரியாகப் புள்ளடி இட்டு, குறி வெளியே தெரியாதபடி மடித்து, வாக்குப்பெட்டியில் நீங்களே போடுங்கள்.