விசிபியூவைக் கோரில் பின் பண்ணும்போது எங்கே பிழைக்கிறது?

கணக்கு மென்பொருள், கோப்புப் பகிர்வு, கமராப் பதிவு மூன்றையும் ஒரே சேர்வருக்குள் தனித்தனி விஎம்களாக (மெய்நிகர் கணினிகளாக) ஓட்டும் அலுவலகங்கள் மட்டக்களப்பு, கல்முனைப் பக்கம் உண்டு. ஒன்று இழுபட்டால் உடனே விசிபியூவை, அதாவது விஎம்முக்குக் கொடுத்த மெய்நிகர் சிபியூவை, சேர்வர் சிபியூவின் ஒரு கோரில் (கணிக்கும் பகுதியில்) பின் பண்ணப் போகிறார்கள். பின் பண்ணுவதால் வேகம் கூடிவிடாது. இந்த விசிபியூ இந்தக் கோரில் மட்டுந்தான் ஓடலாம் என்று எல்லை போடுகிறது, அவ்வளவுதான். எல்லையைப் பிழையாகப் போட்டால் பக்கத்துக் கோர் சும்மா கிடக்க, விஎம் வரிசையில் நிற்கும்.

லினக்ஸில் விஎம் ஓட்டும் கேவிஎம்மில் கட்டளை இப்படி வரும் (தட்டும்போது ஆங்கில எழுத்தில்):

விர்ஷ் விசிபியூபின் கணக்கு 0 2 --லைவ் --கான்ஃபிக்

‘கணக்கு’ விஎம்மின் பெயர். 0 விசிபியூவின் இலக்கம், 2 சேர்வரின் சிபியூ இலக்கம். நாலு விசிபியூ இருந்தால் 0 முதல் 3 வரை நாலு தடவை கொடுக்க வேண்டும். ‘0 2-5’ என்று ஒரு தடவை கொடுத்துவிட்டு முழு விஎம்மும் கட்டுப்பட்டதாக நினைக்க வேண்டாம். முதல் விசிபியூ மட்டும்தான் கட்டுப்பட்டிருக்கும்.

ஆகக் கூடுதலாகக் கெடுவது கடைசி இரண்டு சொற்களில்தான். ஓடும் விஎம்மில் லைவ் மட்டும் போட்டால், கரண்ட் போய் யூபிஎஸ்ஸும் இறங்கி சேர்வர் திரும்ப எழும்பும்போது எல்லாம் பழையபடி இருக்கும். கான்ஃபிக் மட்டும் போட்டால் இப்போது ஒன்றும் மாறாது. விண்டோஸுக்குள் ரீஸ்டார்ட் கொடுத்தும் வராது. விஎம்மை முழுதாக நிறுத்தித் திரும்பத் தொடங்க வேண்டும். ஆகவே இரண்டையும் சேர்த்தே போடுங்கள்.

இலக்கம் தெரிவு செய்ய முன் ‘எல்எஸ்சிபியூ -இ’ கொடுத்து, கோர் என்ற நிரலைப் பாருங்கள். 8 கோர், 16 திரெட் உள்ள (ஒவ்வொரு கோரும் இரண்டு சிபியூ இலக்கமாகத் தெரியும்) பல சேர்வர்களில் 0உம் 8உம் ஒரே கோர். வேறு சிலவற்றில் 0உம் 1உம். பாரமான இரண்டு விஎம்களை அப்படியான சோடியில் போட்டால், இலக்கம் வேறாக இருந்தாலும் ஒரே கோருக்குத்தான் அடிபடும். இரண்டு சொக்கெட் (இரண்டு சிபியூ சில்லு) சேர்வர் என்றால், எந்தப் பக்கம் என்று காட்டும் நோட் நிரலும் முக்கியம். விசிபியூ ஒரு பக்கமும் அதன் மெமரி மறுபக்கமும் இருந்தால், ஒவ்வொரு வாசிப்பும் சுற்றிப் போய் வரும்.

பின் பண்ணிய கோர் உங்களுக்கு மட்டும் ஒதுக்கப்பட்டதல்ல. பின் பண்ணாத மற்ற விஎம்கள் அதற்குள்ளும் வந்து போகும். அவற்றுக்கும் எல்லை போட வேண்டும். டிஸ்க், நெட்வேர்க் வேலை செய்யும் எமுலேட்டர் திரெட்டுகளை (விஎம்முக்காகச் சேர்வரில் ஓடும் துணை வேலைகளை) ‘விர்ஷ் எமுலேட்டர்பின்’ கொண்டு வேறு கோருக்கு அனுப்புங்கள். முதல் கோரை சேர்வருக்கே விட்டுவிடுவது நல்லது.

விஎம் ஓட்டும் இன்னொரு மென்பொருளான வேர்ச்சுவல்பொக்ஸில் ‘--சிபியூஸ்’ விசிபியூ எண்ணிக்கையை மட்டும்தான் வைக்கும், பின் பண்ணாது.

போட்டது சரியா என்று பார்க்க, இலக்கங்கள் இல்லாமல் ‘விர்ஷ் விசிபியூபின் கணக்கு’ என்று மட்டும் கொடுங்கள், பட்டியல் வரும். பின்னைக் கழற்ற வேண்டுமானால் சிபியூ இலக்கம் இருந்த இடத்தில் ‘ஆர்’ என்ற ஆங்கிலச் சின்ன எழுத்தைக் கொடுத்தால், அந்த விசிபியூ பழையபடி எல்லாக் கோரிலும் ஓடும்.