டர்போ பிக்கப்பில் மைலேஜ் எங்கே போகிறது? தவிர்க்க வேண்டிய தவறுகள்

போன மாதம் ஒட்டன்சத்திரம் காய்கறி மார்க்கெட்டில் லோடுக்குக் காத்திருந்தேன். பக்கத்து வண்டித் தம்பி வந்து உட்கார்ந்தான். அதுவரை டர்போ (வெளியே போகும் புகையால் சுற்றி, எஞ்சினுக்குள் கூடுதல் காற்றைத் தள்ளும் கருவி) இல்லாத சின்ன வண்டி ஓட்டியவன், இப்போதுதான் பழைய டர்போ பிக்கப் ஒன்று வாங்கியிருக்கிறான். "அண்ணே, லிட்டருக்கு 13 குடுக்கும்னு சொல்லித்தான் வாங்குனேன். 9 தாண்ட மாட்டேங்குது. இன்ஜெக்டர் மாத்தணும்ங்கிறாங்க" என்றான். இன்ஜெக்டர் என்பது எஞ்சினுக்குள் டீசலைப் பீய்ச்சும் பாகம். முகத்தில் இரண்டு மாத டியூ கவலை அப்படியே தெரிந்தது.

அவன் வண்டியில் தக்காளி ஏறி முடிந்ததும் நானும் ஏறிக்கொண்டு பைபாஸ் வரை போனேன். மேட்டில் மூன்றாவது கியரில் அவன் மிதிக்க, பானெட்டுக்குள் 'உஸ்ஸ்' என்று ஒரு சத்தம். காலை எடுத்தால் நின்றுவிடும். அந்தச் சத்தத்தை எனக்கு நன்றாகத் தெரியும். அதற்காக நான் கொடுத்த பணமும் நினைவிருக்கிறது. அன்று ராத்திரியே இதை எழுத உட்கார்ந்தேன்.

2005-ல் டாடா ஏஸ் வந்தபோது அதில் இரண்டு சிலிண்டர், டர்போ கிடையாது. நம் ஆட்களில் பாதிப் பேர் லோடு வண்டி பழகியது அதில்தான். 2011-ல் ஓசூரிலிருந்து அசோக் லேலண்ட் தோஸ்த் வந்தது; மூன்று சிலிண்டர், ஒன்றரை லிட்டர், டர்போ. இன்று பொலேரோ பிக்கப் வரைக்கும் பெரும்பாலான டீசல் பிக்கப்கள் டர்போதான். வண்டி மாறியும் கால் பழக்கம் மாறாததால்தான் முக்கால்வாசித் தவறு வருகிறது.

டயர் காற்று, ஓவர்லோடு, அடைத்த ஏர் ஃபில்டர் பற்றி எல்லோருக்கும் தெரியும். அதையெல்லாம் இங்கே எழுதவில்லை.

விளம்பரத்தில் இருக்கும் எண்ணை வைத்து வாடகை பேசுவது

அந்த எண் பொய்யில்லை. ஆனால் அது உருளைகள் மேல் வண்டியை நிறுத்தி ஓட்டி எடுத்த எண். அங்கே மேடு கிடையாது, எதிர்க்காற்று கிடையாது, முதுகில் ஒன்றரை டன் கிடையாது. இரண்டு வண்டிகளை ஒப்பிட்டு எதை வாங்கலாம் என்று பார்க்க அது உதவும். பாலக்காடு வாடகைக்கு அதை வைத்துக் கணக்குப் போட்டால் கையிலிருந்துதான் போகும்.

லோடோடு டாப் கியரில் முனக விடுவது

"கியர் ஏற ஏற டீசல் மிச்சம்" என்று சொல்லிக் கொடுத்திருப்பார்கள். காலி வண்டிக்கு அது சரி. லோடு இருக்கும்போது நிமிஷத்துக்கு 1,200 சுற்றில் ஐந்தாவது கியரில் மேடு ஏற்றினால், டர்போவைச் சுற்ற வேண்டிய புகையின் வேகமே அங்கே இருக்காது. காற்று போதாமல் எஞ்சின் உறுமும், பெடல் தரையில் ஒட்டியிருக்கும், வண்டி நகராது. பல பிக்கப்களில் முழு இழுவை கிடைப்பது 1,600-க்கும் 2,400-க்கும் நடுவில். ஒரு கியர் இறக்கி அந்த இடத்தில் வைத்துப் பாருங்கள். கால் தானாகவே பாதிக்கு வந்துவிடும்.

இழுவை குறைந்தால் பெடலை இன்னும் அழுத்துவது

இந்த ஒரு தவறை நினைத்தால் இன்றைக்கும் எனக்கு ஆத்திரம் வருகிறது. 2022-ல் நான்கு மாதம் இதைச் செய்தேன்.

முதலில் விஷயம் என்னவென்று சொல்லிவிடுகிறேன். சிலிண்டரிலிருந்து வெளியே போகும் சூடான புகை, டர்போவுக்குள் ஒரு சின்னச் சக்கரத்தைச் சுற்றுகிறது. நிமிஷத்துக்கு ஒரு லட்சம் சுற்றுக்கு மேல் போகும். அதே தண்டின் மறுமுனைச் சக்கரம் வெளிக்காற்றை அழுத்தி எஞ்சினுக்குள் தள்ளுகிறது. அழுத்தினால் காற்று சூடாகும், அதை ஆற்றுவதற்கு நடுவில் இன்டர்கூலர். டர்போவிலிருந்து இன்டர்கூலருக்கும், அங்கிருந்து எஞ்சினுக்கும் ரப்பர் ஹோஸ் போகிறது. ஒரு லிட்டர் டீசல் முழுசாக எரிய 10,000 லிட்டர் காற்றாவது வேண்டும். அவ்வளவு காற்றும் அந்த ஹோஸ் வழியாகத்தான் போக வேண்டும்.

என் வண்டியில் அந்த ஹோஸ், அதை இறுக்கிப் பிடிக்கும் கிளாம்ப்புக்குப் பக்கத்தில், அடிப்பக்கமாக, விரல்நக நீளத்துக்கு வெடித்திருந்தது. வண்டி சும்மா நிற்கும்போது வெடிப்பு மூடியிருக்கும். லோடில் மிதித்து, உள்ளே அழுத்தம் ஏறினால் மட்டும் திறக்கும். அளந்து உள்ளே விட்ட காற்றில் ஒரு பங்கு வழியிலேயே வெளியே போகிறது. டீசல் மட்டும் முழுசாக வருகிறது. எரியாத டீசல் கரியாகிறது. இழுவை குறைகிறது. ஓட்டுகிறவன் என்ன செய்வான்? இன்னும் மிதிப்பான். நானும் மிதித்தேன். லிட்டருக்கு 12 கொடுத்துக்கொண்டிருந்த வண்டி 9.5-க்கு வந்து நின்றது.

பழைய வண்டியாக இருந்தால் கரும்புகை கக்கிக் காட்டிக் கொடுத்திருக்கும், பின்னால் வருகிறவனே ஹாரன் அடித்துச் சொல்லியிருப்பான். 2020 ஏப்ரலுக்குப் பிறகு வந்த பி.எஸ். 6 (புகை மாசு விதி) டீசல் வண்டிகளில் சைலன்சர் வழியில் டி.பி.எஃப். என்கிற கரி வடிகட்டி இருக்கிறது. அது கரியைப் பிடித்துக்கொள்கிறது, வெளியே ஒன்றும் தெரிவதில்லை. நமக்குப் பழக்கமான ஒரே எச்சரிக்கையும் அதோடு போய்விட்டது. புதிதாக வருகிறவர்கள் இதைத்தான் மனதில் வைக்க வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன். புகை வரவில்லை என்றால் வண்டி நல்லபடியாக எரிக்கிறது என்று அர்த்தமில்லை.

நான் போன ஒர்க்‌ஷாப்பில் வண்டியை நிறுத்தி வைத்து ரேஸ் கொடுத்துப் பார்த்தார்கள். நிற்கும் வண்டியில் லோடு இல்லை, அழுத்தமும் ஏறவில்லை, வெடிப்பு திறக்கவில்லை. டீசல் ஃபில்டர் மாற்றினார்கள். இன்ஜெக்டர் கழற்றிச் சுத்தம் செய்தார்கள். ஒவ்வொரு தடவையும் பில் கொடுத்துவிட்டு வந்தேன். "டீசல் கலப்படமா இருக்கும்" என்று ஒருவர் சொன்னதை நம்பி பங்க்கை மாற்றினேன்.

கடைசியில் கண்டுபிடித்தவர் உடுமலையில் ஒரு வயதான மெக்கானிக். ஸ்கேனர் எதையும் எடுக்கவில்லை. ஹோஸின் அடியில் கையை விட்டுத் தடவி வெளியே எடுத்தார். விரலில் எண்ணெயும் தூசியும் குழைந்து மை மாதிரி ஒட்டியிருந்தது. "இங்க எண்ணெய்ப் பிசுக்கு எதுக்கு வருது? காத்து வெளிய வருது, கூடவே இதுவும் வருது" என்றார். ஹோஸை இரண்டு கையாலும் வளைத்ததும் வெடிப்பு வாய் திறந்தது. "காத்து வெளிய போறப்ப நீ டீசலை ஊத்தி என்ன தம்பி பண்றது?"

கணக்கு போட்டேன். மாதம் 4,000 கிலோமீட்டர். 12 என்றால் 333 லிட்டர், 9.5 என்றால் 421 லிட்டர். 88 லிட்டர் அதிகம். அப்போது லிட்டர் 94 ரூபாய். மாதம் எட்டாயிரத்துக்கு மேல், நான்கு மாதத்துக்கு 33,000 ரூபாய். வடிகட்டி அடைத்துப்போனதால் அதைக் கழற்றிச் சுத்தம் செய்த கூலி தனி. ஹோஸும் கிளாம்ப்பும் சேர்த்து 2,000 ரூபாய்கூட ஆகவில்லை. என் பெண்ணுக்கு அந்த வருஷ ஸ்கூல் ஃபீஸை இரண்டு தவணையாகக் கட்டினேன்.

நீங்கள் செய்ய வேண்டியது இதுதான். மாதம் ஒரு தடவை, எஞ்சின் ஆறியிருக்கும்போது, இன்டர்கூலர் ஹோஸ்கள் இரண்டையும் முழு நீளத்துக்குத் தடவிப் பாருங்கள். அடிப்பக்கத்தை விடாதீர்கள். மேலே இலேசான எண்ணெய் ஈரம் இருக்கலாம். ஒரே இடத்தில் பிசுக்கு சேர்ந்திருந்தால் அங்கே வளைத்துப் பாருங்கள். கிளாம்ப் ஸ்க்ரூவை ஒரு திருப்பு திருப்பிப் பாருங்கள். லோடில் 'உஸ்' சத்தம் கேட்டால், மெக்கானிக்கை லோடோடு வண்டியில் ஏற்றி மேட்டுக்குக் கூட்டிப் போங்கள். இழுவை குறைந்த அன்றைக்கே செய்யுங்கள். பெடலை அழுத்தி ஈடுகட்டாதீர்கள்.

வடிகட்டியில் கரி எரியும்போது வண்டியை நிறுத்துவது

டி.பி.எஃப். நிறைந்ததும் வண்டி தானாகவே கொஞ்சம் கூடுதல் டீசல் விட்டு, சுமார் 600 டிகிரி வெப்பத்தில் அந்தக் கரியை எரிக்கும். அதற்கு நிறுத்தாமல் பதினைந்து, இருபது நிமிஷ ஓட்டம் வேண்டும். ஊருக்குள் கடைகடையாகச் சரக்கு இறக்குகிற வண்டியில் இது பாதியில் நின்று, மறுபடி முதலிலிருந்து தொடங்கும். ஒவ்வொரு தடவையும் டீசல் வீண். அதில் ஒரு பங்கு சிலிண்டர் சுவர் வழியாக எஞ்சின் ஆயிலிலும் கலக்கும். டிப் ஸ்டிக்கில் ஆயில் அளவு கூடியிருந்து, முகர்ந்தால் டீசல் வாடை வந்தால் சந்தோஷப்படாதீர்கள், உடனே ஆயில் மாற்றுங்கள். டவுன் ஓட்டம் மட்டுமே உள்ளவர்கள் வாரம் ஒரு தடவையாவது பைபாஸில் அரைமணி நேரம் ஓட்டிவிடுவது நல்லது.

இறக்கத்தில் நியூட்ரல்

கியரில் வைத்துக் காலை எடுத்தால் இன்ஜெக்டர் டீசலையே நிறுத்திவிடும். நியூட்ரலில் எஞ்சின் சும்மா சுற்றுவதற்கே (ஐடில்) டீசல் எரியும். கொடைக்கானல் இறக்கத்தில் உயிரும் போகும்.

இழுவை கூட்ட எஞ்சின் கம்ப்யூட்டரில் சிப் போடுவது

வேண்டாம்.

ஆடிக் காற்றில் உயரமாக அடுக்குவது

பொள்ளாச்சி தாண்டிப் பாலக்காடு போகிறவர்களுக்கு இது. மேற்குத் தொடர்ச்சி மலையில் பாலக்காட்டுக் கணவாய் சுமார் 30 கிலோமீட்டர் அகலத்துக்குத் திறந்து கிடக்கிறது. ஜூனிலிருந்து ஆகஸ்ட் வரை தென்மேற்குப் பருவக்காற்று அதன் வழியாக வேகமாக நம் பக்கம் வருகிறது. உடுமலை, பல்லடம் பக்கம் காற்றாலைகள் நிற்பதே அதற்காகத்தான். நாம் லோடோடு அந்தக் காற்றுக்கு நேர் எதிராகப் போகிறோம், காலியாக அதன் முதுகில் திரும்பி வருகிறோம்.

காற்றின் எதிர்ப்பு வேகத்தின் வர்க்கத்தில் ஏறும். 60-ல் போகும் வண்டி 80-ல் போனால் எதிர்ப்பு கிட்டத்தட்ட 1.8 மடங்கு. 60-ல் போகும்போது எதிரே 30 கிலோமீட்டர் வேகக் காற்று அடித்தால், வண்டியைப் பொறுத்தவரை அது 90-ல் போவது மாதிரி. எதிர்ப்பு இரண்டேகால் மடங்கு. கேபின் உயரத்துக்கு மேலே இரண்டு வரிசை டிரே அடுக்கினால் அது சுவர் மாதிரி நிற்கும். அதே எடையைத் தாழ்வாக, பின்பக்கமாகப் பரப்பி அடுக்குங்கள். தார்ப்பாயின் முன்விளிம்பை இறுக்கிக் கட்டுங்கள். படபடவென்று அடிக்கும் தார்ப்பாய் டீசலைத் தின்னும். காலியாகத் திரும்பும்போது சுருட்டி உள்ளே போடுங்கள். என் நோட்டில் ஆடி மாதத்துக்கும் தை மாதத்துக்கும் அதே ரூட்டில், அதே எடையில், லிட்டருக்கு ஒன்றரை கிலோமீட்டர் வித்தியாசம் இருக்கிறது. ஆடியில் 55-க்கு மேல் நான் போவதில்லை. அரைமணி லேட் ஆகும் என்று வியாபாரியிடம் முன்கூட்டியே சொல்லிவிடுவேன்.

ஆயிரம் ரூபாய்க்கு டீசல் போட்டு மைலேஜ் பார்ப்பது

அது கணக்கே இல்லை. டேங்க் ஃபுல், அதே பங்க், முடிந்தால் அதே பம்ப், பம்ப் தானாக நிற்கும் முதல் கட் ஆஃபிலேயே நிறுத்த வேண்டும். ஓடிய கிலோமீட்டரை அடுத்த ஃபுல்லுக்குப் போன லிட்டரால் வகுக்க வேண்டும். பக்கத்தில் என்ன லோடு, எந்த ரூட், காற்று எப்படி என்று ஒரு வரி எழுதுங்கள். மூன்று டேங்க் பார்க்காமல் எதையும் மாற்றாதீர்கள், யாரையும் திட்டாதீர்கள்.

அந்தத் தம்பிக்கு ஹோஸ் மாற்றியாகிவிட்டது. இன்ஜெக்டரைத் தொடவில்லை. நேற்று போன் பண்ணினான். "அண்ணே, 11.4 வந்துருச்சு." இன்னும் இரண்டு டேங்க் பார்க்கச் சொல்லியிருக்கிறேன்.